லைசென்ஸைக் கையில் எடுத்தவர்

திண்டுக்கல் சமவெளி மேற்கே கீழ்ப்பழனி மலையில் முட்டி நிற்கும் இடத்தில், வத்தலக்குண்டுக்கு அருகே, பட்டிவீரன்பட்டி. மலையில் பறித்த காப்பி இறங்கி வந்து சேரும் ஊர். அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு நாடார் குடும்பத்தில் 1893இல் பிறந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன்.

வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நாடாரின் பணம் கோயில் வாசலோடு நின்றுவிடும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததால் மூண்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899இல் நாடார்களைக் குறிவைத்த சிவகாசிக் கலவரம்.

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த 1920இல், அக்கட்சியின் பி.டி.ராஜன் எடுத்த முயற்சியால் சௌந்தரபாண்டியன் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். ஓட்டு வாங்கி வந்தவரல்ல. அதை ஒரு குறையாகச் சொல்வோருண்டு. பின்னால் அவர் செய்ததைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1920களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவரானார். கமுதியும் சிவகாசியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தன! ஜில்லா போர்டு என்றால் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அந்தச் சாலைகளில் பஸ் ஓட்டவும் போர்டின் லைசென்ஸ் வேண்டும். பஸ் முதலாளிகள் பலர் ஆதி திராவிடர்களை ஏற்றுவதில்லை. 'பஞ்சமர்களுக்கு இடமில்லை' என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தவர்களும் உண்டு. சௌந்தரபாண்டியன் இதற்காக மேடை தேடவில்லை. ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். தர்மத்தை எடுத்துச் சொன்னால் தர்க்கம் பேசுகிற முதலாளி, வண்டி நின்றுவிடும் என்றால் கதவைத் திறந்துதானே ஆகவேண்டும்?

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெரியார் கூட்டிய முதல் மாகாண மாநாடு அது. தலைமை வகித்தவர் சௌந்தரபாண்டியன். பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்றெல்லாம் தீர்மானங்கள் நிறைவேறின. சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருந்தது. பட்டத்தைத் துறக்கும் தீர்மானத்துக்கு அத்தனை காலம் ஆகவில்லை. தலைவரே தம் பெயரிலிருந்து 'நாடார்' என்பதை எடுத்துவிட்டார்.

இவர் நாடார் மகாஜன சங்கத்துக்கும் தலைவராயிருந்தவர் என்பதை மறந்துவிட வேண்டாம். சாதிச் சங்கத்தால் வளர்ந்தவர் சாதிப் பட்டத்தை உதறியதைச் சங்கத்தார் எல்லோரும் ரசித்திருப்பார்களா என்ன? ஆனாலும் அவர் இரண்டு பக்கமும் நின்றார்.

1953 பிப்ரவரியில் காலமானார். சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குத் துணி எடுக்கப் போகிற திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு தகவல்: அது சௌந்தரபாண்டியன் அங்காடி. நம் பட்டிவீரன்பட்டிக்காரரின் பெயர்.