கொக்கிளாய்ப் பாலத்தை யாரிடம் கேட்பது?

 

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு பிரதேச சபைகள் கூடியதிலிருந்து நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றுகிறது: "சபை என்ன செய்கிறது? பாலம் எங்கே?" கேள்வி நியாயமானது. முகத்துவாரத்தில் தோணி ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை. வாகனத்தில் போவதென்றால் களப்பைச் சுற்றி வெலிஓயாப் பக்கமாகப் போகவேண்டும். ஆனால் அந்தப் பாலத்தைப் போடுவது சபையின் கையில் இல்லை. கேட்பது மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. நம் ஊர்ச் சபைகள் யாரிடம் கேட்டு வந்தன, கேட்டது எங்கே போய் நின்றது என்பது நீண்ட கதை. பதிவும் கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் கேட்பதற்கு ஒரே இடம் கச்சேரி. 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் வடமாகாண அரசாங்க அதிபராக இருந்தவர் டுவைனம். அவருக்குப் 'பெட்டிசம்' எழுதுவதுதான் அன்றைய அரசியல். குளத்துக் கட்டு உடைந்தாலும் பெட்டிசம், வரி கூடினாலும் பெட்டிசம். 1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. பாதை, வேலி, குளம், மேய்ச்சல் ஆகியவற்றுக்கு ஊரார் கூடி விதி செய்யலாம் என்றது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரோ அதிகாரி, அல்லது அதிகாரிக்குக் கீழே இருந்த தலைமைக்காரர். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மேசையில், ஒரே பக்கத்தில். பின்னால் வந்த சட்டங்களில்தான் கிராமசபைகள் மெல்ல மெல்ல மக்கள் தெரிவு செய்யும் சபைகளாயின.

1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமானது. அதன் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1981 ஜூன் 4 தேர்தல் நடந்தது. கிராமசபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. பெரிய சபை வரும், அது எல்லாம் பார்க்கும் என்றார்கள். பெரிய சபைக்கு அதிகாரமும் வரவில்லை, காசும் வரவில்லை. சிறிய சபை போனது போனதுதான்.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் அடக்கம். இரண்டு வலியையும் ஒரே தராசில் வைத்து எது பெரிது என்று நிறுக்க நாம் வரவில்லை. சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு சபை எதை முதலில் கேட்கும் என்பதை வாக்காளர் இடாப்பு தீர்மானிக்கிறது. ஊரில் ஆளில்லாத இடத்தின் பாலம் எந்தப் பட்டியலிலும் மேலே வராது.

1987இல் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. சட்டத்தில் கரைதுறைப்பற்றுக்கும் ஒரு பிரதேச சபை கிடைத்தது. அந்தச் சபைக்கு மக்கள் முதன்முதல் வாக்களித்தது எப்போது தெரியுமா? 2018 பெப்ரவரி 10. 2011இல் துணுக்காய்க்கும் மாந்தை கிழக்குக்கும் தேர்தல் நடந்தபோதும் கரைதுறைப்பற்றும் புதுக்குடியிருப்பும் திரும்பத் திரும்பப் பின்போடப்பட்டன. 1981இல் கிராமசபை போனதிலிருந்து எண்ணிப் பாருங்கள், முப்பத்தேழு வருடம். ஒரு தலைமுறை முழுக்க ஒரு மின்விளக்கைக் கேட்கக்கூடத் தன் வாக்கால் வந்த உறுப்பினர் இல்லாமல் வளர்ந்தது.

வந்த சபையும் நிம்மதியாக இருக்கவில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் காசில்லை என்று நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் அடுத்த வருடம்தான் வாக்குப்பெட்டி வந்தது.

சரி, இப்போது சபை இருக்கிறது. பாலத்தை யாரிடம் கேட்கும்?

அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மாகாணத்துக்கு உள்ளே இருக்கும் வீதிகள், பாலங்கள், பாதைச் சேவைகள் மாகாண சபைக்கு உரியவை. தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் பாலங்களும் மத்திக்கு. 'மாகாணத்துக்கு உள்ளே' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நாம் மாட்டிக்கொண்டோம். கொக்கிளாய் வடமாகாணம், கரைதுறைப்பற்று. அக்கரைப் புல்மோட்டை கிழக்கு மாகாணம், குச்சவெளி. எல்லை களப்பின் நடுவே கிடக்கிறது. பாலத்தின் ஒரு கால் ஒரு மாகாணத்தில், மற்றக் கால் இன்னொரு மாகாணத்தில். 1988 முதல் 2006 வரை இரண்டும் ஒரே மாகாணமாகத்தான் இருந்தன. அந்தக் காலத்தில் தெரிவான சபை இயங்கியதோ இரண்டு வருடம்கூட இல்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது, 2007 ஜனவரியிலிருந்து இரண்டு மாகாணம். களப்புக்கு இதெல்லாம் தெரியாது, இறால் இரண்டு பக்கமும்தான் பிடிபடுகிறது.

போதாததற்கு களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். எனவே வனஜீவராசிகள் திணைக்களமும் ஒரு கதவு. மீன்பிடிக்கு வேறு அமைச்சு. அருகே மகாவலி அதிகார சபையின் 'எல்' வலயம். ஒரு பிரதேச சபை இத்தனை கதவையும் தட்டவேண்டும்.

கேட்க மட்டுமே முடிந்த சபைக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கிண்ணியாவைப் பார்த்தால் போதும். 2009இல் திறந்த பெரிய பாலம் சவூதி உதவியில் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குறிஞ்சாக்கேணியில் பாலம் திருத்த வேலையில் கிடக்க, மக்கள் ஒரு மிதவைப் பாதையில் போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜனாஸாக்களை அந்த ஊர் சுமந்தது. அதன்பின் கைதானவர்களில் நகர சபையின் தவிசாளரும் ஒருவர், மிதவைக்கு அனுமதி கொடுத்தது நகர சபை என்பதால். பாலம் கட்டும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. மிதவைக்கு ஒப்பமிடும் அதிகாரம் இருந்தது. அந்தக் கைது சரியா பிழையா என்பது நீதிமன்றத்தின் வேலை. நம் முகத்துவாரத்தில் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி அனுப்பும் ஒவ்வொரு முறையும் நமக்கு அந்த நாள் ஞாபகம் வரத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் நகர சபைகள் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. மாநிலச் சட்டசபை கூடுவதற்கு முன்னால், இந்த வருடம் நாம் சட்டசபையிடம் கேட்பது இவை என்று ஒரு பட்டியலைச் சபையிலேயே நிறைவேற்றி உறுப்பினர்களின் கையில் கொடுப்பார்கள். 1868இல் அயோவா மாநில நீதிபதி டிலன், மாநிலம் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் நகரத்துக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிவைத்தார். அதிகாரம் இல்லாதவன் ஒழுங்காகக் கேட்கப் பழகவேண்டும் என்று அவர்கள் பழகிக்கொண்டார்கள். நமக்கும் அதே நிலைதான், ஒரு வித்தியாசத்தோடு. அவர்களுடைய சட்டசபை கூடுகிறது. நம்முடைய வடமாகாண சபை 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநருக்குக் கடிதம் எழுதலாம். ஆளுநர் நம் வாக்கில் வந்தவர் அல்லர்.

தேர்தல் ஏன் இல்லை? 2017ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் முறையை மாற்றி, எல்லை நிர்ணயம் வேண்டும் என்றது. அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த அமைச்சர் பைஸர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். சிதறி வாழும் முஸ்லிம்களுக்கு அந்த எல்லைகள் பாதகம் என்று நம் கட்சிகள் சொன்னதில் நியாயம் இருந்தது. வடக்கில் மீளக் குடியேறி இன்னும் கால் ஊன்றாதவர்களுக்கு அது இரட்டிப்பு நியாயம். ஆனால் எதிர்ப்பு பழைய விகிதாசார முறைக்குத் திரும்புவதில் முடியவில்லை, வெற்றுக் கதிரையில் முடிந்தது. பழைய முறையில் 2013இல் 38 பேர் கொண்ட வடமாகாண சபை வந்தபோது போனஸ் ஆசனம் ஒன்று முஸ்லிம் ஒருவருக்குக் கிடைத்தது. அந்தச் சபை நூற்றுக்கணக்கில் தீர்மானம் போட்டது, பெரும்பாலானவை கடிதமாகவே நின்றன என்ற குறையும் உண்மை.

"மாகாண சபை இல்லாமலே வட்டுவாகல் பாலம் வரவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் காசு ஒதுக்கினார்கள், செப்டம்பர் 2 ஜனாதிபதி வேலையைத் தொடக்கிவைத்தார். சந்தோசம். ஆனால் ஆசிரியர் இடமாற்றத்துக்கும், சிறிய ஆஸ்பத்திரிக்கு டொக்டருக்கும், உள்ளூர் வீதிக்கும் ஒவ்வொரு முறையும் ஜனாதிபதி வரமாட்டார். அவை எல்லாம் மாகாணத்தின் வேலை.

ஆகவே நமது உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இதுதான். அடுத்த அமர்வுப் பிரேரணையில் பழைய முறையிலாவது மாகாண சபைத் தேர்தலை நடத்தச் சொல்லும் வரி முதலில் இருக்கட்டும். அடுத்தது பாலம். அதைக் கரைதுறைப்பற்று தனியாகக் கேட்க வேண்டாம். குச்சவெளிச் சபையும் அதே வாசகத்தை அதே மாதம் நிறைவேற்றட்டும். இரண்டு தவிசாளர்களும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டு நெடுஞ்சாலைகள் அமைச்சுக்கும், வன்னி, திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்பட்டும், கட்சி பார்க்காமல். சரணாலயம் என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி முன்கூட்டியே போகட்டும். பாலம் வரும்வரை தோணிகளில் உயிர்காப்பு அங்கி கட்டாயம் என்பதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை, அதைச் சபைகள் இந்த மாதமே தொடங்கலாம்.

கடிதம் சிங்களத்திலும் வேண்டும். மொழிபெயர்க்க நம் பாடசாலைகளில் ஆசிரியர்கள் இருக்கிறோம். சபை வரைவைத் தந்தால் இரண்டு நாளில் செய்து கொடுப்போம்.