நாடி, நாளம், நரம்பு: தமிழில் உடற்கூற்றுச் சொற்கள் உருவான வரலாறு

தெற்குப் புறநகர் இரயில் தடத்தில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், தெற்கே 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்துள்ளன. முன்னதில் உடலைப் பற்றிய மூலநூல்கள் தமிழில் பயிலப்படுகின்றன. பின்னதில் அதே உடல் ஆங்கிலத்திலும் இலத்தீன் பெயர்களிலும் கற்பிக்கப்படுகிறது. ஒரே தடத்தில் நிலவும் இப்பிளவு தவிர்க்க இயலாத ஒன்றன்று. மேலை உடற்கூற்றியல் முழுவதையும் தமிழிலேயே கற்பித்த காலம் ஒன்று இருந்தது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமே. இடையில் தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின்னர் அவர் தமிழ்வழிக்கு மாறினார். அவரிடம் பயின்ற உள்ளூர் மருத்துவர் 60க்கும் மேற்பட்டோர். 1850களில் வெளிவந்த 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்' முதலாக 'இரண வைத்தியம்' (1867), கிரேயின் நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'வைத்தியாகரம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) என நூல்கள் தொடர்ந்து வந்தன. கிரேயின் ஆங்கில மூலம் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது.

கிறீன் வகுத்துக்கொண்ட சொல்லாக்க நெறி எளியது: முதலில் தமிழில் வழங்கும் சொல், அது கிட்டாதபோது வடசொல், அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. இன்றைய வாசகருக்கு 'சுகரணம்', 'உற்பாலனம்' ஆகியவை கடினமாகத் தோன்றலாம். ஆயினும் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகைகளைக் கேட்டுப் பழகிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செவிக்கு 'அங்காதிபாதம்' அந்நியமாக ஒலித்திராது. மற்றொன்றும் கருதத்தக்கது. ஐரோப்பாவிலேயே உடற்கூற்றுப் பெயர்கள் அப்போது நிலைபெறவில்லை. ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் வழங்க, மொத்தம் 50,000 அளவில் குவிந்திருந்த பெயர்களை ஏறத்தாழ 5,500ஆகக் குறைத்த பாசல் பெயர்ப்பட்டியல் 1895இல்தான் உருவானது. கிறீன் குழுவினர் மொழிபெயர்த்தது இன்னும் உறையாத ஒரு மொழியை.

தமிழிலோ மக்கள் வழக்கில் சொல்வளம் குறைவாக இல்லை. ஈரல் என்னும் ஒரு பொதுச்சொல்லினின்று கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என மூன்று உறுப்புகளை அவற்றின் திண்மையும் தோற்றமும் விளங்கப் பிரித்தறிந்த மொழி இது. ஆட்டிறைச்சிக் கடையில் இன்றும் மண்ணீரல் 'சுவரொட்டி', சிறுநீரகம் 'குண்டிக்காய்'. பாடநூல்கள் இவ்விரு சொற்களையும் தீண்டுவதில்லை. நாகரிகம் கருதியே அவை விலக்கப்பட்டன போலும். தெளிவில் அவற்றுக்குக் குறையில்லை.

இடர் குழாய்களிலும் இழைகளிலும்தான் நேர்கிறது. 'நரம்பு' சங்க இலக்கியத்தில் யாழின் தந்தி. பேச்சுவழக்கில் புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பே, தசைநாணும் நரம்பே. மூளைக்கும் உடலுக்கும் இடையே உணர்வைக் கடத்தும் இழைக்கு மட்டும் அச்சொல்லை வரையறுத்தது நவீனக் கல்வி. இது தமிழுக்கு மட்டும் உரிய மயக்கமன்று. கிரேக்கத்தில் 'நியூரான்' என்பதும் முதலில் தசைநாணையும் வில்நாணையுமே குறித்தது. அங்கே அறுவை ஆய்வு பொருளைப் பிரித்தது. இங்கே பாடநூல் பிரித்தது. ஆதலால் பழைய பொருள் மக்கள் நாவில் அப்படியே தங்கிவிட்டது. 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று கூறும் நோயாளி குறிப்பது பெரும்பாலும் சிரையை.

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தைவிட்டு நீங்கினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1870இல், கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தொடங்கிவிட்டது. அரசு வேலையும் பட்டமும் ஆங்கிலத்தைச் சார்ந்தபின் தமிழ்வழி வகுப்பு நிலைக்கவில்லை. கிறீனின் சொற்கள் வடமொழிச் சுமையால் அழிந்தன என்பது எளிதில் சொல்லப்படும் காரணம், அது முழுமையானதன்று. அவரைவிடச் சுமையான சொற்கள் வகுப்பறை இருந்தமையால் பிழைத்துள்ளன. 'தமனி', 'சிரை', 'தந்துகி' ஆகியவை அதற்குச் சான்று.

இருபதாம் நூற்றாண்டின் சொல்லாக்க முயற்சிகள் பள்ளியை நோக்கியவை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய தமிழ்ச் சாத்திரீய பரிபாஷைச் சங்கம், 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொல் தொகுதி என்பன தமிழகத்து மரபை உருவாக்கின. இலங்கையின் பாடநூல் மரபு தனியே வளர்ந்தது. விளைவாக, கணையம் அங்கே 'சதையி'. திசு அங்கே 'இழையம்'. செல் அங்கே 'கலம்'. எலும்பு அங்கே 'என்பு'.

இவை வேறு சொற்கள் மட்டுமே. வாசகர் அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டுகொள்ளலாம். ஒரே சொல் இரு பொருள் தருவதே இடர். இலங்கைப் பாடநூலில் 'நாடி' தமனியைக் குறிக்கும், 'நாளம்' சிரையைக் குறிக்கும். தமிழகத்தில் நாடி என்பது மணிக்கட்டில் உணரப்படும் துடிப்பு. தென்மாவட்டங்களில் அதுவே மோவாய். நாளமோ பொதுவாகக் குழாய். 'நாளமில்லாச் சுரப்பி' என்னும் தொடரில் சுரப்பு நீரை வெளிக்கொணரும் குழாயே அது. யாழ்ப்பாண மாணவர் ஒருவர் இத்தொடரைச் 'சிரையில்லாத சுரப்பி' என்று பொருள்கொண்டால் அவர்மீது குற்றமில்லை. ஆனால் அத்தகைய சுரப்பி எந்த உடலிலும் இல்லை, இரத்தத்தில் நேரே கலப்பதே அதன் இயல்பு. சித்த மருத்துவ நூல்களிலோ நாடி துடிப்பாகவும், உடலெங்கும் ஓடும் 72,000 வழிகளாகவும் வரும். தாம்பரத்தில் இந்நூல்களைப் பதிப்பிப்போர் 'நாடி' என வரும் இடந்தோறும் எப்பொருள் என்று அடிக்குறிப்பு இடவேண்டியிருப்பது இதனால்தான்.