லீவர் துப்பாக்கியும் காணாமல் போன கைகளும்: சில குறிப்புகள்

1

வின்செஸ்டர் என்ற பெயர் எனக்குச் சிவகாசியிலிருந்துதான் வந்து சேர்ந்தது. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் குதிரையில் இருந்தபடியே அதைத் தூக்கிக் குறி பார்ப்பார். 1948இல் இத்தாலியில் பிறந்த பாத்திரம், அமெரிக்காவில் நடக்கும் கதை, தமிழில் வாசிக்கும் நான். துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்காத, வேட்டை என்றாலே முகம் சுளிக்கிற எனக்கும் அந்த நீண்ட குழலும், விசையைச் சுற்றிக் கீழே தொங்கும் வளையமும் பிடித்துப்போயின. ஏன் என்ற கேள்வியை 'அதெல்லாம் சின்ன வயசுச் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட முடியவில்லை. நமக்குப் பிடித்துப்போகிற இடங்களில்தான் கருத்தியல் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

வளையத்தைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், சுத்தி பின்னுக்குச் சாயும். மேலே இழுத்தால் குழலுக்கு அடியில் வரிசையாகக் கிடக்கும் தோட்டாக்களில் ஒன்று உள்ளே ஏறும். அவ்வளவுதான் விஷயம். இன்றும் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிற பலர் இதைத்தான் எடுத்துப் போகிறார்கள். எடை குறைவு, பக்கங்கள் தட்டையாக இருப்பதால் நடுவில் பிடித்து ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அடர்ந்த காட்டில் நூறு, நூற்றைம்பது கஜத்துக்கு மேல் குறி பார்க்கவும் வழியில்லை. அதற்கு முப்பது-முப்பது தோட்டா போதும். பயன்பாடு சார்ந்த இந்தக் காரணங்கள் உண்மைதான். ஆனால் இதைவிடத் தூரம் சுடுகிற, குறி தப்பாத துப்பாக்கிகள் நூறாண்டுக்கும் மேலாகக் கிடைக்கின்றன. மிச்சமிருக்கும் மோகத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

2

ஆலிவர் வின்செஸ்டர் ஆயுதக்காரர் அல்ல. நியூ ஹேவனில் சட்டை தைத்து விற்ற முதலாளி. நொடித்துப்போன ஒரு துப்பாக்கிக் கம்பெனி அவர் கைக்கு வந்தது. அங்கே வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியிலிருந்து 1866, 1873 மாடல்கள் வளர்ந்தன. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாடல் மட்டும் எழுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

அமெரிக்க ராணுவம் இதைப் பெரிய அளவில் வாங்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வேட்டைக்காரர், மாட்டுப்பண்ணைக்காரர் என்று காசு கொடுத்தவர்களிடமெல்லாம் இது போய்ச் சேர்ந்தது. அப்படிப் போய்ச் சேர்ந்த கைகளில் பூர்வகுடிகளின் கைகளும் உண்டு. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் குதிரைப் படையிடம் இருந்தவை ஒவ்வொரு தடவையும் ஒரு தோட்டா போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள். எதிரே நின்ற லக்கோட்டா, செயென் வீரர்களில் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1983இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்த பிறகு அகழாய்வாளர்கள் மண்ணிலிருந்து பொறுக்கிய தோட்டாக் கூடுகளே இதற்குச் சாட்சி. 1881இல் சரணடைந்தபோது சிட்டிங் புல் தன் வின்செஸ்டரைச் சின்ன மகனிடம் கொடுத்துத்தான் ஒப்படைக்கச் செய்தார்.

1892இல் மெம்ஃபிஸ் நகரில் தன் நண்பர்கள் மூவர் வெள்ளையர் கும்பலால் கொல்லப்பட்ட பிறகு, கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 'சதர்ன் ஹாரர்ஸ்' என்ற சிறுநூலை எழுதினார். கறுப்பர்கள் ஆயுதத்தோடு நின்ற ஊர்களில் கும்பல் பின்வாங்கியதைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டருக்கு மரியாதையான இடம் வேண்டும் என்றார். சட்டம் தராத பாதுகாப்பைத் தேடியவரின் வாக்குமூலம் இது.

ஆனால் நம் நினைவில் நிற்பது வேறு கதையாடல். 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்பது இருபதாம் நூற்றாண்டில் கம்பெனி தன் சரக்குக்குச் செய்துகொண்ட விளம்பரம். காட்டெருமைக் கூட்டங்களை அழித்தவை பெரும்பாலும் ஷார்ப்ஸ் போன்ற கனத்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள். அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? 1950இல் 'வின்செஸ்டர் 73' படம் வந்தது. ஒரு துப்பாக்கி கை மாறிப் போவதே அதன் கதை. 1870களில் நடக்கும் கதைகளுக்குக்கூட ஹாலிவுட் 1892 மாடலைக் கொடுத்தது. வரலாறு நடந்து முடிந்த பிறகு தயாரான துப்பாக்கி, சினிமாவில் அந்த வரலாற்றையே வென்று கொடுத்தது. என் டெக்ஸ் வில்லரையும் இப்போது வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் நவஹோக்களின் தலைவர். பூர்வகுடிகளுக்காக வின்செஸ்டரைத் தூக்குகிறவரும் ஒரு வெள்ளைக்காரர்.

3

துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 1964க்கு முன், 1964க்குப் பின். அந்த ஆண்டு கம்பெனி செலவைக் குறைக்கப் பாகங்களைக் கடைந்தெடுக்கும் வேலையைச் சுருக்கியது. தகட்டை அழுத்திச் செய்த பாகங்கள் வந்தன. ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. பழைய துப்பாக்கியில் வளையம் வழுக்கிக்கொண்டு போகும் சுகத்தை உருகி உருகிச் சொல்வார்கள். அந்தச் சுகம் யாருடைய உழைப்பு? நியூ ஹேவனில் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றவர்களுடையது. 1979இல் அந்தத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், மாதக்கணக்கில் நீண்டது. 1981இல் முதலாளி ஆலையை விற்றுவிட்டுப் போனார். 2006இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் அதே முத்திரையோடு துப்பாக்கிகள் ஜப்பானின் மிரோக்கு ஆலையிலிருந்து வந்தன. தனி மனிதனின் சுதந்திரத்துக்குச் சின்னமாக நிற்கும் பொருள் ஆயிரக்கணக்கானோரின் கூட்டு உழைப்பில் உருவானது. ரசிகன் கைவேலையை நேசிக்கிறான், கையை மறந்துவிடுகிறான்.

4

'அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன?' என்று கேட்கலாம். இதே வகைத் துப்பாக்கி நம் மலைகளிலும் நடமாடியிருக்கிறது. ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதிய கெனத் ஆண்டர்சன் விரும்பிச் சுமந்தது 1895 மாடல் வின்செஸ்டர். அந்தக் கதைகளைச் சுவாரஸ்யமாக வாசிக்கிறோம். காடறிந்த பைரா போன்றவர்கள் அவற்றில் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஆனால் அந்தக் காட்டுக்குள் யார் ஆயுதத்தோடு நுழையலாம் என்பதைச் சட்டம் முன்பே தீர்த்து வைத்திருந்தது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்காகக் காத்து நிற்கச் சொன்னது. வெள்ளையருக்கு விலக்கு கொடுத்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. துரை சுட்டால் வேட்டை; மலைவாசி கண்ணி வைத்தால் திருட்டு.

அதனால் துப்பாக்கியைப் போற்று என்றோ உடைத்துப் போடு என்றோ நான் சொல்ல வரவில்லை. டெக்ஸ் வில்லரை இன்னும் வாசிக்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் வளையத்தை இழுக்கும் கை யாருடையது, அதைக் கடைந்த கை யாருடையது, எந்தக் கைக்கு அது மறுக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டே வாசிக்கிறேன். கதை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது.