தளர்ந்த தந்தியின் வரலாறு

ஹெவி மெட்டல் இசையின் தாழ்ந்த சுருதியை ஆவேசத்தின் அடையாளமாகவே பலரும் கேட்கின்றனர். அதன் வரலாற்றில் ஒரு தொழிலாளியின் காயமும் உண்டு.

1965-இல் பர்மிங்காம் நகரத்து உலோகத் தகட்டு ஆலையொன்றில், 17 வயது டோனி அயோமியின் வலக்கையில் இரு விரல்களின் நுனிகள் துண்டிக்கப்பட்டன. இடக்கைப் பழக்கமுடைய அவர் தந்திகளை அழுத்தியது அந்தக் கையால்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிளாக் சபாத் குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' (1971) தொகுப்பின் பல பாடல்களில் சுருதியையும் மூன்று அரைச்சுரங்கள் இறக்கினார். கனத்த ஒலியும் கிடைத்தது. விரலின் சுமையும் குறைந்தது. அதே தந்தியில் அவ்வளவு இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும்.

மேலும் இறக்கினால் தந்தி தொய்ந்து ஒலி கலங்கும். கூடுதல் தந்தி அதற்கு விடையாயிற்று. 1990-இல் வந்த ஐபனீஸ் யுனிவர்ஸ் கிட்டாரின் ஏழாம் தந்தி, ஆறாம் தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்குக் கீழே 62 ஹெர்ட்ஸில் ஒலித்தது. கார்ன் குழு ஏழாம் தந்தியை 55-க்கு இறக்கியது. சுவீடனின் மெஷுகா எட்டாம் தந்தியை 44-க்குக் கொண்டுசென்றது. அந்த ஆழத்தில் விறைப்பு நிலைக்கத் தந்தி தடிக்க வேண்டும், அதன் நீளமும் கூட வேண்டும்.

நோவைத் தணிக்கத் தளர்த்திய தந்தி, இவ்வாறு மீண்டும் விறைத்துவிட்டது. அதன் ஒலியை வல்லமை என வருணிக்கும் இசை வரலாறுகள், அந்த ஆலையையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.