ஒருநாள் நடையில் ஓர் எல்லை

பத்தாம் நூற்றாண்டின் அரபுப் புவிநூலாரான அல்-இஸ்தக்ரீயும் இப்னு ஹவ்கலும் ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள தொலைவை 'மர்ஹலா' என்னும் சொல்லால் அளந்தனர். வழிச்செல்வோன் ஒரு நாளில் கடக்கும் தொலைவு என்பது அதன் பொருள். நம் நாட்டுக் காதத்தைப் போல அதுவும் காலால் அளந்த அளவே. வரைபடத்தில் கோடு கிழித்து நாட்டைப் பிரிக்கும் வழக்கமோ மிகப் பிந்தியது. அத்தகைய கோடு ஒன்றின் அருகே ஒரு பகற்பொழுது நடந்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல் நமக்கு நெடுநாளாக இருந்தது. அதன் பொருட்டே திருத்தணிக்குச் சென்றோம்.

ஸுப்ஹுத் தொழுகையை அரக்கோணத்தில் முடித்துக்கொண்டு, காலை ரயிலில் திருத்தணி வந்திறங்கி, முதலில் நந்தியாற்றை நோக்கி நடந்தோம். ஆற்றில் நீரில்லை. அதனருகே வீரட்டானேசுவரர் கோயில் என்னும் பழைய கற்றளி நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவப் பேரரசின் இறுதிக் காலத்தில், அபராசிதவர்மனின் ஆட்சியில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது அது. அதனைக் கூறும் கல்வெட்டில் தமிழ் வெண்பா ஒன்று உண்டு. அதைப் பாடியவன் அவ்வரசனே என்றும் அக்கல்லே சொல்கிறது. தமிழின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது. அவ்வேங்கடத்துக்கு அணித்தாக இருந்த ஊரில் மன்னன் ஒருவன் தமிழ்ச் செய்யுள் இயற்றிக் கல்லில் பொறிக்கச் செய்தான் என்பது சிறு செய்தியன்று. பிற்காலத்தில் எல்லைக்காக வாதிட்டோர் இத்தகைய கல்வெட்டுகளையே சான்றாகக் கொண்டுவந்து வைத்தனர்.

பின்னர் மலையேறினோம். படிகள் 365; ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பர். ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்கள் மார்கழியை எட்டுமுன்னே முறையிடத் தொடங்கின! உச்சியில் கோயிலுக்குப் புறத்தே, பாறை விளிம்பில் காற்று வாங்கியவாறு நின்றோம்.

வடக்கே நகரி மலைத்தொடர் நீல நிறத்தில் தெரிந்தது. அதன் செங்குத்தான முனைக்கு நகரி மூக்கு என்று பெயர். கடலிலிருந்து பார்த்தாலும் அது தெரியும். பழவேற்காட்டுக் கடலிலும் சென்னைக் கடலிலும் வந்த மாலுமிகளுக்கு அதுவே கரையறியும் அடையாளமாக விளங்கியது. நாம் நின்ற இடத்தினின்று கடல் புலப்படவில்லை. ஆயினும் கடலோடிகள் கண்ட மலையை மறுபுறமிருந்து காண்கிறோம் என்னும் எண்ணம் உவகை தந்தது. தென்மேற்கே சோளிங்கர் மலை. அங்கேதான் 1781 செப்டம்பர் 27-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பொருதனர். நிலம் எந்த மொழிக்கு உரியது என்னும் வினா அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அவ்வினா நம் காலத்தில் எழுந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. தமிழாசிரியர் மங்கலங்கிழார் அதற்கு முன்பே இவ்வட்டாரத்து ஊர்களில் தமிழ் கற்பித்தும் மக்களைத் திரட்டியும் வந்தார். ம.பொ. சிவஞானம் அவர்கள் தமிழரசுக் கழகத்தின் வழியாகக் கிளர்ச்சியை நடத்தினார், சிறையும் சென்றார். இறுதியில் படாஸ்கர் நடுவராக அமர்ந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்துக் கோடு வகுத்தார். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்தின் 319 கிராமங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. திருத்தணியும் அவற்றோடு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஊர்கள் பல சத்தியவேடாக அங்கே சென்றன. வேங்கடம் வரவில்லை.

படாஸ்கர் முறையை நாம் குறைகூற மாட்டோம். மாவட்டத்தை அலகாகக் கொண்டிருந்தால் அநீதி இன்னும் பெருகியிருக்கும். எனினும் கிராமத்துக்குள்ளும் வீடுகள் உள்ளனவே! நூறு வீடுகளில் அறுபதின் மொழிக்கு ஊர் சென்றால், நாற்பது வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எம்மொழியில் படிப்பர்? வீட்டில் உருதும், சந்தையில் தெலுங்கும், ஓதுமிடத்தில் தமிழும் வழங்கும் நம்மவர் குடும்பம் ஒன்றை எந்தப் பக்கத்தில் எண்ணுவது? கற்பிக்கும் தொழிலில் தலைநரைத்த நமக்குக் கோட்டைவிட இக்கேள்வியே பெரிதாகப்படுகிறது.

லுஹர் நேரம் நெருங்கியது. இறங்கும் வழியில் நிழலில் அமர்ந்து கொய்யாப்பழம் விற்ற மூதாட்டியிடம், "அம்மா, தங்கள் பிறந்த ஊர் எது?" என்று கேட்டோம். நகரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்படியானால் ஆந்திராவா?"

"எனக்குக் கல்யாணம் ஆனப்போ ரெண்டும் ஒண்ணுதானே பாய்! காலையில நடந்தா பொழுது சாயறதுக்குள்ள அம்மா வீடு போயிடுவேன்."

மர்ஹலா என்னும் சொல் நம் நாவின் நுனிவரை வந்தது. பழத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை அவர் தெலுங்கில் எண்ணி நம் கையில் வைத்தார். கணக்குச் சரியாக இருந்தது.