எவரெஸ்ற் ஏறிய படிகள்

உலகிலுள்ள மலைச் சிகரங்கள் யாவற்றுள்ளும் உயர்ந்தது எது என்று வினவினால், எவரெஸ்ற் என்று சிறு பிள்ளையும் விடை சொல்லும். அதன்மீது முதன்முதல் ஏறியவர் யாவர் என்று வினவினால், ஹில்லரி, தென்சிங் என்னும் இருவர் பெயரையும் சொல்லும். நாமும் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில் இவ்விரு விடைகளையும் எழுதிப் புள்ளி பெற்றவர்களே. ஆயினும் அவ்விருவரும் உச்சியை அடைவதற்கு முன் ஏறவேண்டிய படிகள் எத்தனை, அப்படிகளை அமைத்துக் கொடுத்தவர் யாவர் என்பதை அன்று நமக்கு எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பல்கலைக்கழக நூல்நிலையத்தில் மலையேற்ற வரலாறுகள் சிலவற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான் அந்தக் குறை நமக்குத் தெரிந்தது. அவ்வாறு அறிந்தவற்றை நம் சங்க அன்பர் முன் வைக்க விரும்புகின்றோம்.

முதற்படி மலையில் வைக்கப்பட்டதன்று, கணக்கில் வைக்கப்பட்டது. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ரன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய நிலவளவை, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வடக்கு நோக்கி நீண்டு இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. நேபாள நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடையாமையால், அளவையாளர் நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் நின்றே சிகரங்களை நோக்கினர். பதினைந்தாம் சிகரம் என்று இலக்கமிடப்பட்டிருந்த ஒன்றே எல்லாவற்றினும் உயர்ந்தது என்பதை 1852இற் கணித்துக் கண்டவர் வங்காளத்துக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று வெளியிடப்பட்டது. திபெத்தியர் சோமோலுங்மா என்று அழைத்துவந்த மலைக்கு, முன்னாள் அளவையதிபதி ஜோர்ஜ் எவரெஸ்ற்றின் பெயர் சூட்டப்பெற்றது. நேபாளமும் சீனமும் 2020இற் கூடி வெளியிட்ட உயரம் ஏறக்குறைய 29,032 அடி. தொலைவில் நின்று கோணம் பார்த்தவர்களின் கணக்கில் 30 அடிதான் வேறுபாடு! கணிதம் கசக்கிறதென்று சொல்லும் நம் தோழர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

இனி, ஏறுவதில் உள்ள இடர் யாது? குளிரும் காற்றும் வழுக்கும் பனியும் எல்லாரும் அறிந்தவை. அறியாதது மூச்சின் இடர். உச்சியிலே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றிலொரு பங்கே. ஏறத்தாழ 26,000 அடிக்கு மேல் மனித உடல் இளைப்பாறினாலும் தேறாது, தேயத்தான் செய்யும். உறக்கம் வராது, உணவு வெறுக்கும், சிறு கணக்கும் புத்திக்கு எட்டாது. ஆகவே ஓடி ஏறி ஓடி இறங்க இயலாது. கொஞ்சம் ஏறி, இறங்கி, மறுபடியும் சற்று மேலே ஏறி உடலைப் பழக்கவேண்டும். ஒவ்வொரு நிலையிலும் பாசறை அமைத்து உணவும் எரிபொருளும் பிராணவாயுப் புட்டிகளும் சேர்க்கவேண்டும். அவற்றைச் சுமப்பவர் வேண்டும்.

ஆங்கிலேயர் 1921இல் திபெத்தின் வழியாகச் சென்று வழி தேடினர். அடுத்த ஆண்டு மீண்டும் முயன்றனர். 1922 யூன் 7ஆந் தேதி, புதுப்பனி பெய்து கிடந்த சரிவொன்றின் வழியே மலோரி முதலிய மூன்று ஆங்கிலேயரும் பதினான்கு சுமைகாரரும் வட கணவாயை நோக்கி ஏறும்போது பனி சரிந்தது. சுமைகாரர் எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

அன்று உயிர் தப்பியவர்களுள் ஒருவர் ஹவார்ட் சொமர்வெல் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர். மாண்டவர் எல்லாரும் சுமைகாரராகவே இருக்க, தம்மவரில் ஒருவரேனும் அவர்களோடு அவ்விதியைப் பகிர்ந்துகொள்ளவில்லையே என்று அவர் நெஞ்சு நொந்து எழுதியிருக்கின்றார். மலையினின்று இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த அவர், தெற்கே நெய்யூர் மிஷன் வைத்தியசாலையில் நோயாளர் நிறைந்து கிடப்பதையும் வைத்தியர் போதாமையையும் கண்டார். இலண்டனிற் காத்திருந்த பெருந் தொழிலை விட்டு அங்கேயே பணியாற்றத் துணிந்தார். நெய்யூரிலும் பின்னர் வேலூரிலும் பல்லாண்டுகள் தமிழ் மக்களுக்கு வைத்தியம் பார்த்த இவரை நம்மவரிற் பலர் அறியார். நாமே மிஷன் பாடசாலையில் இருந்தும் அறியவில்லை!

1924இல் அவர் மறுபடியும் மலைக்குச் சென்றார். நோட்டனோடு ஏறியபோது, தொண்டையின் உட்சதை குளிரிற் கருகிவிட்டதால் 28,000 அடியளவில் நின்றுவிட்டார். நோட்டன் பிராணவாயுக் கருவியின்றியே 28,126 அடி வரை தனியே சென்று திரும்பினார். இறங்கும் வழியில் அந்தச் சதை கழன்று மூச்சை அடைக்க, சொமர்வெல் இறப்பை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்தார். இறுதியில் மார்பை இரு கைகளாலும் அழுத்தி அதனைத் துப்பிப் பிழைத்தார். நான்கு நாள் கழித்து, யூன் 8ஆந் தேதி, மலோரியும் இளைஞர் இர்வினும் மேலே சென்று மறைந்தனர். மலோரியின் உடல் 1999இலேதான் கண்டெடுக்கப்பட்டது.

பின்வந்த முயற்சிகளை விரிக்கின் பெருகும். இரண்டாம் உலகயுத்தத்தின் பின் திபெத்தின் வாயில் மூடியது. நேபாளத்தின் வாயில் திறந்தது. 1951இல் தென்புற வழி காணப்பட்டது. 1952 மே மாதத்திற் சுவிற்சர்லாந்தின் லம்பேர்ட்டும் தென்சிங்கும் ஏறக்குறைய 28,200 அடி வரை ஏறித் திரும்பினர்.

1953 மார்ச்சு 10ஆந் தேதி, யோன் ஹண்ட் தலைமையிற் சென்ற கூட்டம் கத்மந்துவுக்கு அருகிலிருந்து நடக்கத் தொடங்கியது. பொதிகளைத் தூக்கிச் சென்ற சுமைகாரர் 350க்கு மேற்பட்டவர். முதல் இடர் கும்புப் பனியாறு. அங்கே பனியாறு ஒரு நீர்வீழ்ச்சி உறைந்ததுபோலச் செங்குத்தாக இறங்குகின்றது. வீடு வீடாக நிற்கும் பனிப்பாறைகள் எந்த வேளையிலும் இடியும். இன்று கண்ட வழி நாளைக்கு இராது. பிளவுகளின் குறுக்கே ஏணியும் மரமும் வைத்துக் கடந்தனர். அதற்கு மேலே மேற்குப் பனிப்பள்ளத்தாக்கு. நண்பகலில் அங்கே வெயில் நெருப்பாய்த் தகிக்கும் என்றால் நம்பக் கடினம், ஆயினும் உண்மை. அதன் முடிவில் லோட்சேயின் பனிச்சுவர் 4,000 அடி அளவுக்கு எழுந்து நிற்கின்றது. அங்கேதான் வேலை தடைப்பட்டது. ஜோர்ஜ் லோ என்பவர் நாட்கணக்காகப் படி வெட்டிக்கொண்டிருந்தார். பருவமழையோ நெருங்கியது. மே 21ஆந் தேதி நொய்சும் அனுல்லு என்னும் ஷேர்ப்பாவும் அச்சுவரைக் கடந்து தென் கணவாயில் முதலிற் கால் வைத்தனர். மறுநாள் ஷேர்ப்பாக்கள் பலர் சுமையோடு அவ்வழியே ஏறினர். அனுல்லு என்ற பெயரை நம் பாடப் புத்தகத்தில் தேடிப் பார்த்தோம்; இல்லை.

மே 26ஆந் தேதி இவான்சும் போடிலனும் தென் சிகரத்தை எட்டினர். உச்சிக்கு இன்னும் 300 அடியளவே. நேரமும் பிராணவாயுவும் போதாமையால் திரும்பினர். வழியில் அவர்கள் விட்டுவந்த இரண்டு புட்டிகள் பின்னர் ஹில்லரிக்கும் தென்சிங்குக்கும் பயன்பட்டன. அதே நாள் ஹண்டும் டா நம்கியாலும் 27,350 அடி வரை சுமந்து சென்று வைத்த பொருள்களை, 28ஆந் தேதி லோ, கிரெகரி, ஆங் நியீமா மூவரும் ஹில்லரி, தென்சிங்குடன் சேர்ந்து இன்னும் மேலே கொண்டு சென்றனர். 27,900 அடியில் ஒரு சிறு கூடாரத்தில் இருவரை விட்டு மற்றையோர் இறங்கினர்.

விடியற்காலையில் ஹில்லரியின் சப்பாத்துக்கள் இரும்பாய் உறைந்து கிடந்தன. தென்சிங் தம்முடையவற்றைக் கழற்றாமலே படுத்திருந்தார். பழக்கத்தின் அறிவு அது. அடுப்பில் அவற்றை வாட்டி இளக்கி, ஆறரை மணிக்குப் புறப்பட்டனர். ஒன்பது மணிக்குத் தென் சிகரம். அப்பால் நாற்பது அடி உயரப் பாறை ஒன்று. பாறைக்கும் பனிக்கும் இடையிலிருந்த வெடிப்பில் உடலை நுழைத்து ஹில்லரி ஏறினார், தென்சிங் தொடர்ந்தார். பதினொன்றரை மணிக்கு உச்சி. தென்சிங் பனியிற் குழி தோண்டி இனிப்புப் பண்டங்களை நைவேத்தியம்போல் வைத்து, மகள் கொடுத்திருந்த பென்சில் துண்டையும் அதில் இட்டார். அருகே ஹில்லரி, ஹண்ட் தந்த சிறு சிலுவையை வைத்தார். பதினைந்து நிமிடத்தில் இறங்கத் தொடங்கினர்.

கீழே வந்தபோது ஊரார் கேட்ட கேள்வி ஒன்றே: முதலிற் காலடி வைத்தவர் யார்? ஏறக்குறைய ஒன்றாகவே அடைந்தோம் என்று இருவரும் கையொப்பமிட்டனர். ஹில்லரியே சில அடி முன்னே சென்றார் என்று தென்சிங் 1955இல் தம் வரலாற்றில் ஒளியாது சொல்லிவிட்டார். 1935இற் சுமைகாரராய்ச் சென்று ஏழாம் முறை உச்சி கண்டவருக்கு அக்கேள்வி அற்பமாய்த் தோன்றியிருத்தல் வேண்டும். ஆயினும் ஹண்டுக்கும் ஹில்லரிக்கும் 'சேர்' பட்டமும், தென்சிங்குக்கு ஒரு பதக்கமும் கிடைத்தன. இது நமக்குச் சரியாகப் படவில்லை.

2014 ஏப்பிரில் 18ஆந் தேதி அதே கும்புப் பனியாற்றிற் பனி இடிந்து, மலையேறவந்த பிறருக்காக உழைத்துக்கொண்டிருந்த நேபாளத்தவர் 16 பேர் மாண்டனர். இரண்டாண்டு கழித்து, 2016 மே 21ஆந் தேதி, இலங்கையிலிருந்து முதன்முதலாக ஜயந்தி குரு உதும்பால என்னும் பெண்மணி எவரெஸ்ற் உச்சியில் நின்றார். அவர் கடந்துசென்ற பனிப்பிளவுகளின் குறுக்கே, அவ்வாண்டும் விடியுமுன் சென்று ஏணி வைத்துக் கயிறு கட்டியிருந்தவர்கள் ஷேர்ப்பாக்களே.