தசையிழைச் சுருக்க வேக அளவீட்டின் வரலாறு

தசையிழை சுருங்கும் வேகத்தை அளக்கும் முயற்சி, தவளையின் தொடைத்தசையில் எடையைத் தொங்கவிடுவதில் தொடங்கி, ஒற்றை மயோசின் மூலக்கூறின் இழுப்பை அளப்பது வரை வளர்ந்துள்ளது.

ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஏ. வி. ஹில் 1938 இல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடக்கூடத் தசையின் சுருக்க வேகம் அதிபரவளைவு வடிவில் குறைவதைக் காட்டினார். எடையே இல்லாதபோது உள்ள உச்ச வேகத்தை, வளைவரையை நீட்டித்தே கணிக்க வேண்டியிருந்தது. மூலக்கூறின் இயல்பை அறிய உதவுவதோ அந்த உச்ச வேகம்தான்.

1954 இல் ஆண்ட்ரூ ஹக்சிலி, நீடர்கெர்கே ஆகியோரும், ஹியூ ஹக்சிலி, ஜீன் ஹான்சன் ஆகியோரும் தனித்தனியே வழுக்கும் இழைக் கொள்கையை முன்வைத்தனர். (இரு ஹக்சிலிகளும் உறவினர் அல்லர்.) இழைகளின் நீளம் மாறுவதில்லை, ஒன்றின்மீது ஒன்று வழுக்குகின்றன என்பதே அதன் சாரம். வழுக்கச் செய்வது எது? மயோசின் ஏடிபியைச் சிதைக்கும் விரைவும் தசையின் வேகமும் இணைந்து செல்வதை 1967 இல் மைக்கேல் பாரனி காட்டினார். இது வலுவான சான்று. ஆயினும் நேரில் கண்டது அன்று.

உச்ச வேகத்தை அளக்க எட்மன் 1979 இல் கையாண்ட தொய்வு முறை எளிமையானது. முழுமையாகத் தூண்டப்பட்ட ஒற்றை இழையின் முனையைச் சட்டென்று தளர்த்துவர். இழை தொய்ந்து விசை சுழியாகும். தொய்வை இழுத்து முடிக்க எடுக்கும் நேரத்தைக் குறிப்பர். பல தளர்வு நீளங்களுக்கு இதைச் செய்து வரைந்தால், கோட்டின் சாய்வே வேகம். இழைமுனையிலுள்ள மீள்தன்மையால் வரும் பிழையும் இதில் விலகிவிடுகிறது.

பெரிய திருப்பம் தசையையே விலக்கியதில் வந்தது. 1983 இல் ஷீட்ஸ், ஸ்புடிச் இருவரும் நிட்டெல்லா என்னும் நன்னீர்ப் பாசியின் செல்லைப் பிளந்து, உள்ளிருந்த ஆக்டின் வடங்களின்மீது மயோசின் பூசிய நுண்மணிகள் ஊர்வதைக் கண்டனர். 1986 இல் கிரான், ஸ்புடிச் ஆகியோர் இதைத் தலைகீழாக்கினர்: கண்ணாடியில் மயோசின், அதன்மேல் ஒளிரும் ஆக்டின் இழைகள். அவை நொடிக்குச் சுமார் 3 முதல் 4 மைக்ரோமீட்டர் நகர்ந்தன. மயோசினின் தலைப்பகுதி மட்டுமே இதற்குப் போதும் என்பது 1987 இல் உறுதியாயிற்று.

ஒரு தலை ஒரு பிடிப்பில் தள்ளும் தொலைவை, அது ஆக்டினைப் பற்றியிருக்கும் நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 10 நானோமீட்டரை 3 மில்லிநொடியால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோமீட்டர். அந்தத் தொலைவை அளக்க, 1994 இல் ஃபைனர், சிம்மன்ஸ், ஸ்புடிச் மூவரும் லேசர் ஒளிப்பொறிகளில் ஆக்டின் இழையைப் பிடித்து ஒற்றை மயோசினுக்கு அருகில் நிறுத்தினர். சராசரி 11 நானோமீட்டர் என்றனர். மறு ஆண்டே மொல்லாய் குழுவினர் வெப்ப அதிர்வையும் கணக்கில் கொண்டு, அது ஏறத்தாழ 4 நானோமீட்டர்தான் என்றனர்.